மூச்சும் புகையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

தில்லிக் குளிருக்குத் துணையென்று நம்மிற் பலர் அந்நாளிற் பற்றவைத்த சிகரெட், இன்று மாடிப்படியின் பாதியிலேயே மூச்சிரைக்க நம்மை நிறுத்திவிடுகிறது. சிதைந்த நுரையீரற் சிற்றறைகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும், புகையை விட்டவருக்கு மூச்சுவன்மை தேயும் வேகம் குறைகிறது. இதனை லண்டன் தொழிலாளரை எட்டாண்டுகள் ஆராய்ந்து, 1977-இல் பிளெட்சர், பீட்டோ என்னும் இருவர் காட்டினர். 60 வயதில் விட்டாலும் பயனுண்டு.

இரைப்பு மிகும்போது மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததற்கு இருமடங்கு நேரம் மெல்ல விடுவோம். உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். மார்கழிப் புகைமூட்டத்தில் விடியற்கால உலா வேண்டா. வெயில் ஏறட்டும். விருந்தினர் வந்தால் இன்ஹேலரை ஒளிப்பானேன்? மூக்குக்கண்ணாடியை ஒளிக்கிறோமா? ஃப்ளூ தடுப்பூசியைக் குளிருக்கு முன்பே, ஐப்பசியிலேயே, போட்டுக்கொள்வோம்.