பெயர்ப்பலகையும் பதிவேடும்
(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நேரே பொருளுக்கு வருகிறேன்.

முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. சங்கமோ, கழகமோ, பள்ளியோ, சாதிப் பெயரை எடுத்துவிட்டால் பிரிவினை தானே தளர்ந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. 1997இல் தென்மாவட்டக் கலவரங்களை ஒட்டி, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. நம் சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான். 2024இல் நீதிபதி சந்துரு ஒருநபர் குழுவும் பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று பரிந்துரைத்தது. பெயரை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதோடு வேலை முடிந்தது என்று துண்டை உதறித் தோளில் போடுவதைத்தான் மறுக்கிறேன்.

கொழும்பைப் பாருங்கள். அங்கே கிரிக்கெட் கழகங்கள் இன வாரியாகவே முளைத்தன. மலாயர், பறங்கியர், சோனகர் என ஆளுக்கொரு கழகம். சிங்களவர் விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் பிறந்தது ஒரே ஆண்டில், 1899இல். பலகையை மட்டும் படிக்கிறவர் இதைப் பச்சைப் பிரிவினை என்று எழுதி முடித்துவிடுவார்.

தமிழ் யூனியனின் மைதானம்தான் கொழும்பு ஓவல். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் அங்கே ஆடியது. அன்று இலங்கை அணியின் தலைவர் சதாசிவம், தமிழ் யூனியன்காரர். சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் தனித்தனிக் கழகங்களிலிருந்து வந்து ஒரே அணியில் ஆடினார்கள்.

பிறகு இந்த மைதானம் சரவணமுத்து என்பவரின் பெயரைப் பெற்றது. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பிப்ரவரி 17 அன்று அங்கேதான் தொடங்கியது. தமிழர் கழகத்து மைதானம். களமிறங்கிய இலங்கையின் பதினொரு பேரில் தமிழர் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே நகரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

கதை அங்கே நிற்கவில்லை. கண்டியிலிருந்து வந்த முரளிதரன் தமிழ் யூனியனுக்கு ஆடினார். குருநாகல் பக்கத்துச் சிங்களவரான ரங்கன ஹேரத், சோனகர் கழகத்தில் ஆடிவிட்டுத் தமிழ் யூனியனுக்கு வந்தார். பலகை மாறவே இல்லை, ஆட்கள் கலந்தார்கள். காரணம் நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன். 1988–89 முதல் கழகப் போட்டிகள் முதல்தர ஆட்டங்களாயின. ஜெயிக்க வேண்டிய கழகத்துக்கு விக்கெட் எடுக்கிறவர் தேவை. வெளியூர்ப் பையனுக்கு முதல்தரக் கழகம் தேவை. தேவை கதவைத் திறந்தது. தேவை இல்லாத இடத்தில், அதாவது தெருவிலும் வீட்டிலும், அது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி நம் கரிசல் காடு. கோயில் கொடைக்குக் கபடிப் போட்டி நோட்டீஸ் அடிக்கிறார்கள். அணிகளின் பெயர்களில் சாதி இருக்காது. ‘பாய்ஸ்’, ‘பிரண்ட்ஸ்’ என்றுதான் இருக்கும். கீழே நன்கொடையாளர் பட்டியலைப் படித்தால் எந்தத் தெரு அணி என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். இதற்கு மாறாக, இவ்வூர் அரசு ஹாக்கி விடுதியில் உள்ளூர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் பயின்று, 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இருவருமாக வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். அங்கே சேர்க்கையைத் தெரு தீர்மானிக்கவில்லை, தேர்வு தீர்மானித்தது. ஒரே பந்தி, ஒரே அறை. அரசியல் அறிஞர் அஷுதோஷ் வர்ஷ்னேவும் 2002இல் வெளியிட்ட நூலில் கலவரத்தைத் தடுக்கும் சங்கங்களைத் தேடியபோது, உள்ளே யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தார்.

நேரம் முடிகிறது, சிலவற்றைத் தொட்டு மட்டும் போகிறேன். சாதி உறவின்முறைகள் மகமை நிதி வசூலித்து நடத்திய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளை யாராவது வரிசையாகப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆலை, நூற்பாலை அணிகளைப் பற்றித் தனி ஆய்வு வேண்டும். பெண்கள் அணிகள் வேறு கணக்கு. அது இன்னொரு சொற்பொழிவு. கழகங்களின் செயலாளர், பொருளாளர் பதவிகள் எந்தத் தெருவைத் தாண்டவில்லை என்பதும் பார்க்கத் தக்கது.

மாணவர்களே, உங்கள் ஊர்க் கழகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரைத் தலைவராக்கினார்கள், பணப்பெட்டி யார் கையில் என்று கேட்டு எழுதுங்கள். பெயரை எடுத்தால் போதும் என்கிற நண்பர்களுக்கு அந்த மூன்று விடைகளையும் அனுப்பிவையுங்கள்.