றிப்போட் இல்லையென்று திரும்பி வரவேண்டாம்



மிச்சத்தில் எங்கள் வீடுகளிலும் சிலரைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: "கெட்டிக்காரன், ஆனால் பொறுப்பில்லை." வந்த கடிதம் உடைக்காமல் கிடக்கும். திறப்பைத் தேடாத நாளில்லை. தொடங்கிய படிப்பு பாதியில் நிற்கும். இவர்களில் சிலருக்கு இது குணக்கேடு அல்ல, ஏ.டி.எச்.டி. என்கிற, சிறுவயதிலேயே தொடங்கும் நிலை. இது பிள்ளைகளோடு முடிந்துவிடும் என்றுதான் முன்னர் பலர் நினைத்தார்கள். 2008இல் வந்த நைஸ் வழிகாட்டி பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனி இடைஞ்சல் உண்டு. 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் இருந்தனவா என்று வைத்தியர் பார்ப்பார். பள்ளிக்கூட றிப்போட் இருக்கிறதா என்றும் கேட்கக்கூடும். 1995இல் ஒரு பையோடு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவரிடம் றிப்போட் ஏது? "இல்லை" என்று சொல்லி எழும்பி வந்துவிடாதீர்கள். றிப்போட் உதவும், ஆனால் அது மட்டும்தான் சான்று என்றில்லை. உங்களைச் சின்னனில் கண்ட அம்மாவோ அக்காவோ சொல்லுவதும் சான்றுதான். ஊரிலோ கனடாவிலோ இருக்கிறவர் தொலைபேசியில் சொல்வதை எழுதிக்கொண்டு போங்கள்.

போரைக் கண்ட மனத்துக்கும் நித்திரை வராது, கவனம் சிதறும். ஆகவே எது இடம்பெயர முன்னரே இருந்தது, எது பிறகு வந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம்.

ஆங்கிலம் தடையென்றால் ஜீ.பி.யிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பல இடங்களில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகிறது. இங்கிலாந்தில் "றைட் டு சூஸ்" என்ற உரிமையின்படி, என்.எச்.எஸ். செலவிலேயே வேறொரு நிலையத்துக்கு அனுப்பும்படி ஜீ.பி.யைக் கேட்கலாம். வேலையிடத்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. நாளாந்த வாழ்க்கையை நீண்டகாலமாகக் கணிசமாகப் பாதிக்கிறதென்றால், நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம்: அறிவுறுத்தலை எழுத்தில் தருவது, சத்தமில்லாத மூலை. "அக்சஸ் டு வேர்க்" என்ற அரசாங்க உதவியும் உண்டு.

இதற்கெல்லாம் படிவம் நிரப்பவேண்டும், திகதி தவறாமல் பதில் போடவேண்டும். இவர்களுக்கு வராத வேலையே அதுதான். பதில் போடாதவரின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடவும் கூடும். ஆகவே குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், ஒரு பிரதி எடுத்து வையுங்கள், திகதியைக் கலண்டரில் குறியுங்கள். "பொறுப்பில்லை" என்று பேசுவதைவிட அந்த அரை மணித்தியாலம் அவருக்கு உதவும்.