குடும்பத்தோடு வெளிநாட்டில் தொண்டு

(சித்தூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போதெல்லாம் நம் அகங்களில் ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள், லீவு விட்டால் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கம்போடியா, நேபாளம் என்று போய் இரண்டு வாரம் தொண்டு செய்ய ஆசைப்படுகிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இதற்கு ஏற்பாடு செய்து தரும் கம்பெனிகளே இருக்கின்றன. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டாக வேண்டும்.

வெளிநாட்டார் குடும்பமாக வந்து தொண்டு செய்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 வரை நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியைச் சொல்கிறேன். என் சிறு வயதில், "அவர் மதனப்பள்ளிக்குப் போயிருக்கிறார்" என்றால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். க்ஷயரோகம் என்று வாயால் சொல்லக்கூடப் பயம். ஊருக்கு வெளியே ஆரோக்யவரம் என்ற இடத்தில் 1915-இல் கிறிஸ்தவ மிஷன்கள் பல சேர்ந்து க்ஷயரோக சானடோரியம் ஒன்றைத் திறந்தன. அதன் முதல் தலைமை டாக்டர் டென்மார்க் தேசத்தவரான கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர்.

அன்று இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அதுவரை உலகம் முழுவதும் இருந்த வைத்தியம் நல்ல காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம் ஆகியவைதான். இவற்றோடு, நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுக்கும் முறையும் இருந்தது. இதற்கெல்லாம் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். நோயாளியே அத்தனை காலம் படுத்திருக்கும்போது டாக்டர் இரண்டு வாரத்தில் மூட்டை கட்ட முடியுமா?

அவருடைய மகன் ஜோஹன்னஸும் டாக்டராகி அதே ஆரோக்யவரத்துக்கு வந்து, பிற்காலத்தில் பொறுப்பேற்றார். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் மகனுடைய பணி எனக்கு இன்னும் சுவாரசியமானது. இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்ட இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று, வருஷம் 1948. பிறகு 1950 முதல் 1955 வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஜனங்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, ட்யூபர்குலின் ஊசி போட்டுப் பார்த்து, அதே ஜனங்களை மறுபடியும் மறுபடியும் பரிசோதித்தார்கள். ஒரு தடவை பார்த்தால் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று மட்டும் தெரியும். புதிதாக யாருக்கு வருகிறது என்று அறிய வேண்டுமானால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அந்த ஆய்வு 1960-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று.

அவர்கள் மிஷனைச் சேர்ந்தவர்கள், மதம் பரப்பும் நோக்கமும் மிஷனுக்கு இருந்தது. நம்மில் பலருக்கு அதில் உடன்பாடு இல்லை, எனக்கும் இல்லை. அதற்காக அவர்கள் பார்த்த வைத்தியத்தை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

அதே மதனப்பள்ளிக்கு 1915-இல் இந்தியா வந்த ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் தம்பதியும் வந்து சேர்ந்தார்கள். கணவர் தியசாபிகல் கல்லூரியில் ஆசிரியர், மனைவி சங்கீதம் படித்தவர். 1919-இல் தாகூர் அங்கே வந்தபோது ஜன கண மன கீதத்துக்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். அவரவருக்குத் தெரிந்த வித்தையைத்தான் கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகவும் இல்லை.

இனி கம்போடியாவுக்கு வருகிறேன். அங்குள்ள அனாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து பணம் கொடுக்கிறார்கள் என்பதற்காகவே ஏழை வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்து இல்லம் நடத்துவோர் உண்டு. ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாகவே அங்கீகரித்தது. எல்லா இல்லமும் அப்படி என்று சொல்லவில்லை. நல்ல இல்லமாகவே இருந்தாலும், இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு ஒரு குடும்பம் கிளம்பும், அடுத்தது வரும். அந்தக் குழந்தையின் மனசு என்ன பாடுபடும்? நம் பேரனுக்கு இப்படி வாரத்துக்கு ஒரு அம்மா என்றால் சம்மதிப்போமா?

குறுகிய காலத் தொண்டே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமலையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீவாரி சேவையைப் பாருங்கள். சம்பளம் இல்லாமல் ஒரு வாரம் வந்து அன்னப்பிரசாதம் பரிமாறுகிறார்கள், க்யூவில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இன்று பரிமாறுபவர் போய் நாளை வேறொருவர் வந்தால் சாப்பிடுகிறவருக்கு நஷ்டமில்லை. வேலையைச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை செய்ய நிரந்தர ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஏற்ற வேலை அது.

ஆகவே பிள்ளையோ மாட்டுப்பெண்ணோ இப்படிப் புறப்பட்டால் தடுக்க வேண்டாம், விசாரியுங்கள். அங்கே பல வருஷமாக இருக்கும் உள்ளூர் ஊழியர் யார், அவரோடு ஃபோனில் பேச முடியுமா? நாம் செய்யப்போகும் வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய அந்த ஊரில் ஆள் இல்லையா? குழந்தைகள் இருக்கும் இடமென்றால், யார் வேண்டுமானாலும் உள்ளே விடுகிறார்களா? பணம் கட்டும் முன் கம்பெனியிடம் இவற்றை எழுத்து மூலமாகவே கேட்கச் சொல்லுங்கள். பதில் வழவழவென்று இருந்தால், அந்த லீவுக்கு இங்கே வரச் சொல்லுங்கள்.