கடினப் பாறைப் பகுதியில் கிணற்றுக்கு இடம் தேர்வு செய்தல்
(விவசாயிகள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். கோவை, சேலம், தருமபுரிப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்று மணலில் தோண்டினால் நீர் ஊறும். கருங்கல்லுக்குள் நீர் இல்லை. மேலே சிதைந்து உதிர்ந்த பாறையிலும், கீழேயுள்ள வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. அதனால்தான் ஒரு தோட்டத்தில் நீர் பீறிட, வரப்புக்கு அப்பால் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் வெறும் புழுதி பறக்கிறது. அந்தப் புழுதிக்கும் அடிக்கணக்கில் கூலி கொடுத்தாக வேண்டும்.

துளையிடும் முன்பே பாறையின் நிலையை அறிய உதவுவது மின்தடை ஆய்வு. நேர்கோட்டில் நான்கு உலோக முளைகளை நிலத்தில் அடிப்பார்கள். வெளி முளைகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மேலும் மேலும் ஆழத்தின் விவரம் கிடைக்கும். நீர் தங்கிய சிதைந்த பாறையில் மின்தடை குறைவு. வெடிப்பில்லாத கருங்கல்லில் ஆயிரம் ஓம்-மீட்டரையும் தாண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். கருவி தண்ணீரைப் பார்ப்பதில்லை. மின்தடையை மட்டுமே பார்க்கிறது. களிமண்ணும் உப்பு நீரும்கூடக் குறைந்த எண்ணையே காட்டும். ஆகவே அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழம், நீரின் சுவை, எத்தனை அடியில் பாறை தட்டியது என்ற விவரங்களை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். இவை இல்லாத ஆய்வு பாதி ஆய்வுதான் என்பது என் கருத்து. பல நூறு அடிக்குக் கீழே உள்ள விரலகல வெடிப்பை மேலிருந்து பிரித்தறிவதும் அரிது. "இத்தனை அடியில் இத்தனை அங்குலம் தண்ணீர்" என்று அடித்துச் சொல்பவர், தேங்காய் வைத்துப் பார்த்தாலும் சரி, கருவி வைத்துப் பார்த்தாலும் சரி, அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

300 அடி ஆழம் ஆராய, முளைகள் அடிக்க ஏறத்தாழ 1,000 அடி நீளம் வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரர் பக்கத்துத் தோட்டத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய் ஆகியவற்றை ஒட்டி அளந்தால் எண் தவறும். மண் காய்ந்திருந்தால் முளையடியில் ஊற்ற உப்புக் கரைத்த நீர் இரண்டு குடம் எடுத்து வையுங்கள். "மின்கம்பத்தின் பக்கத்திலேயே பாருங்கள், ஐயா" என்று பலர் கேட்கிறார்கள். கம்பி இழுக்கும் செலவு மிச்சம்தான்; ஆனால் வெடிப்பு மின்கம்பத்தைப் பார்த்து அமைவதில்லை. பள்ளப் பகுதி உட்பட மூன்று நான்கு இடங்களில் அளக்க விடுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை கட்டணம் பெற்று இந்த ஆய்வைச் செய்து தருகிறது. துளையிடும் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். "வாய்ப்பில்லை" என்று அறிக்கை வந்தால், வைத்திருக்கும் பணத்தில் பழைய கிணற்றைத் தூர் வாரலாமா, பக்கத்துளை போடலாமா, பண்ணைக் குட்டை வெட்டலாமா என்று அதே பொறியாளரிடம் கேளுங்கள்.