படித்தது நிற்க வேண்டுமா? தூங்க விடுங்கள்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பொதுத்தேர்வு நெருங்குகிறது. இரவு ஒரு மணிக்கும் நம் பிளாக்குகளில் விளக்கு எரிகிறது. என் மகளும் அப்படித்தான். “தூங்கினால் படித்ததெல்லாம் மறந்துடும்ப்பா” என்கிறாள். உண்மை அதற்கு நேர்மாறானது.

மூளையின் இரு பக்கமும், உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அதில் பெரும்பகுதியை அகற்றினார்கள். பிறகு அவரால் புதிதாகச் சந்தித்தவர்களை நினைவில் வைக்க முடியவில்லை. சிறுவயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதாவது, புதிய நினைவு உருவாக ஹிப்போகாம்பஸ் வேண்டும். நாளடைவில் நினைவு தங்குவது பெரும்பாலும் மூளையின் மேலடுக்கான புறணியில்.

நம் சம்ப்பையும் மொட்டைமாடித் தொட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் சம்ப் நிரம்புகிறது. மேலே ஏற்றும் மோட்டார் ஓடுவது முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தில்.

1994-இல் வில்சன், மக்நாட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். ஓடித் திரிந்தபோது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் செல்கள், பின்னர் தூங்கும்போதும் சேர்ந்தே இயங்கின. எலியின் மூளை தூக்கத்தில் பாடத்தைத் திருப்பிப் பார்த்தது! அப்போது ஹிப்போகாம்பஸில் எழும் நுண்ணிய அதிர்வலைகளை 2009-இல் பாரிஸில் தடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் வழியைக் கற்பதில் பின்தங்கின.

இந்த அதிர்வலைகள் தனியாக வேலை செய்வதில்லை. புறணியின் மெதுவான அலைகளும், தலாமஸ் என்ற பகுதி எழுப்பும் விரைவான அலைகளும் இவற்றோடு நேரம் ஒத்து வரும்போதுதான் நினைவு நன்றாக உறுதிப்படுகிறது. நடுவில் எழுப்பினால், தண்ணீர் ஏறும்போது கரண்ட் போன கதைதான்.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே வருகிறது. ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பெற்றோர்களே, பிள்ளைகளின் புத்தகத்தை நேரத்தோடு மூடச் சொல்லுங்கள். பார்ட்டி ஹால் பாட்டை இரவு பத்து மணிக்கு நிறுத்துவோம். மூன்றாவது, நம் இரவுக் காவலர்கள் பகலில்தான் தூங்குகிறார்கள். அவர்கள் அறைக்கு அருகே வண்டி ஹாரன் வேண்டாம். பார்சல் வாங்க அவர்களை எழுப்பவும் வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்குக் கேட்கிற தூக்கம் அவர்களுக்கும் உரியதுதானே?