வண்டி நின்ற வழி



நம் பாட்டன்மார் பலர் நிலைய அதிபர்களாயும் எழுதுவினைஞர்களாயும் கடமையாற்றியது மலாயாப் புகையிரதப் பகுதியிலாகும். அதன் தண்டவாளம் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை ஓடிற்று. 2011 யூன் 30 இரவு கடைசி வண்டி அவ்வழியே சென்றது. நிலம் சிங்கப்பூர் அரசின் வசமாயிற்று.

நில நெருக்கடி மிகுந்த அத்தீவில் அதனைத் துண்டாடி வீடும் கடையும் கட்டுதல் எளிது. ஆனால் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார், அதனை அறாத பசும்பாதையாக விட்டுவைக்குமாறு 2010 இலேயே வேண்டினர். அரசும் செவிசாய்த்தது. இன்று அந்த 24 கிலோமீற்றர் வழியின் பெரும்பகுதியில் மக்கள் நடக்கின்றனர், சைக்கிளில் செல்கின்றனர். 1932 இல் எழுந்த புக்கிட் திமா நிலையமும் பழைய இரும்புப் பாலங்களும் பேணப்பட்டுள்ளன.

இதில் நாம் கருதத்தக்கது யாது? புகையிரதப் பாதை செங்குத்தான ஏற்ற இறக்கமின்றி ஒரே தொடராய்ச் செல்வது; நடப்போர்க்கு மிக வாய்ப்பானது. அதன் பெறுமதி அத்தொடர்ச்சியிலேயே உளது. நடுவே ஒரு துண்டு கைமாறினாலும் வழி அறும். அறுந்ததை மீட்டல் அரிது. அச்சங்கத்தார் வண்டி நிற்குமுன்பே கேட்டனர், ஆதலாற் பெற்றனர். பொதுநிலத்துக்காக நாமும் காலத்தே குரல் எழுப்புவோமாக.