பயணத்தில் ஏணி

கூடாரமடித்துத் தங்கப் புறப்படுவோர் ஏணியையும் உடன்கொண்டு செல்ல வேண்டுமா? அற்ப வினாவாகத் தோன்றும். எனக்கோ அது உயிர்ப் பிரச்சினையாகவே வந்து நின்றது.

நான் தலைமையாசிரியராயிருந்தபோது, சாரண மாணவர்களுடன் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வேனில் சென்றேன். கூடாரங்களும் அரிசி மூட்டையும் வேனின் கூரைமேல் இருந்தன. அவற்றை இறக்குவதற்கென்றே ஓர் அலுமினிய ஏணியையும் கட்டிச் சென்றோம். மூங்கில் ஏணி போதாதா என்று ஒரு மாணவன் கேட்டான். கனம் மிகுதி என்று தட்டிக்கழித்தேன்.

அந்தி மயங்கும் வேளை. ஏணியை நானே நிமிர்த்தினேன். ஓட்டுநர் ஓடிவந்து என் தோளைப் பற்றி இழுத்தார். அண்ணாந்து பார்த்தால், ஏணியின் நுனிக்கு ஒரு முழம் மேலே மின்கம்பி! அலுமினியம் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உயரழுத்தக் கம்பியாயின் தொடவும் வேண்டுவதில்லை. மிக நெருங்கினாலே பாய்ந்துவிடும். உலர்ந்த மூங்கில் அவ்வளவாகக் கடத்தாது, நனைந்ததை நம்பலாகாது.

மலைத்தேன் எடுக்க ஏறும் ஏணியைச் சங்கப் புலவர்கள் 'மால்பு' என்றனர். அக்காலத்தவர் தலைக்கு மேல் தேனீக்கள் மட்டுமே இருந்தன!

ஏணியின்றி ஜன்னல் விளிம்பிலும் சக்கரத்திலும் கால்வைத்து ஏறுவதும் தவறே. கூரையில் சுமை இருந்தால் ஏணி வேண்டும். 12 அடி உயரத்துக்குச் சாத்தினால் அடிப்பகுதி 3 அடி தள்ளி நிற்கவேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

மறு ஆண்டு கூடாரங்களை வேனுக்குள்ளேயே அடுக்கினோம். பின் இருக்கைக்காரர்கள் கால் நீட்ட இடமில்லையென்று முணுமுணுத்தார்கள். ஏணி பள்ளிக் கிடங்கிலேயே கிடந்தது.